தையல் மெஷின்களுக்கு அப்பால்: பொம்மசந்திரா களக்குறிப்புகள்

திங்கள்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டில் தொடங்கி, 19 கிலோமீட்டர் ஓடி, பொம்மசந்திராவில் முடிகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தடம். நிலையத்தை ஒட்டி ஓசூர் சாலை. சுற்றிலும் தொழிற்பேட்டை, பயோகான், நாராயணா மருத்துவமனை வளாகம். காலை ஷிப்டுக்கு நடப்பவர்களின் பேச்சில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கேட்கும். ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்று படிக்க, மானுடவியல் முதுகலை மாணவி ஒருத்தி இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

செவ்வாய்

இன்று யாரிடமும் கேள்வி இல்லை. எழுதிப் பழகும் நாள். நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறாள்: கண்ணால் கண்டது, காதால் கேட்டது, தனக்குத் தோன்றியது. 'பெண்கள் களைத்துப்போயிருந்தார்கள்' என்பது மூன்றாவதில் சேரும். 'வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்கள்' என்பது முதலாவதில். இப்படிப் பிரிக்காவிட்டால், ஒரு மாதம் கழித்து எது பார்த்தது, எது நினைத்தது என்று எழுதியவளுக்கே தெரியாமல் போகும்.

தன் எரிச்சலுக்கும் ஏக்கத்துக்கும் வேறொரு நோட்டு வைத்திருக்கிறாள். டிரோபிரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்த மானுடவியலர் மாலினோவ்ஸ்கியும் போலிஷ் மொழியில் அந்தரங்க நாட்குறிப்பு எழுதினார். அவர் 1942இல் காலமானார். 1967இல் அது அச்சானபோது, தான் ஆராய்ந்த மக்கள்மீது அவர் கொட்டியிருந்த கசப்பைப் படித்து மானுடவியல் உலகம் அதிர்ந்தது. ஆய்வாளரின் மனநிலையும் தரவில் கலக்கும். அதையும் எழுதிவைத்தால்தான் பின்னால் பிரித்துப் பார்க்க வழியுண்டு.

புதன்

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, பல ஆண்டுகளாகத் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா பேசச் சம்மதித்தார். ஆலை வாசலில் பேசினால் சூப்பர்வைசர் காதுக்குப் போகும் என்பதால், சந்திப்பு அவருடைய வீட்டில். ஒப்புதல் படிவத்தை நீட்டும் முன் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும்: எதற்கு இந்த ஆய்வு, யார் படிப்பார்கள், பெயரும் கம்பெனிப் பெயரும் வராது, பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம்.

"மாசம் எவ்ளோக்கா சேத்து வைப்பீங்க?"

"எங்க கண்ணு சேக்கறது? வாடகைக்கும் மளிகைக்குமே சரியாப் போயிடுது."

கணக்கெடுப்புப் படிவமாக இருந்தால் 'சேமிப்பு இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். மாணவி பேசாமல் காத்திருந்தாள். அக்காவே தொடர்ந்தார்: "பி.எஃப். ஒண்ணுதான் இருக்கு. மூத்தவள காலேஜ்ல சேத்தப்போ அதை எடுத்துத்தான் பீஸ் கட்டினேன்."

வியாழன்

அந்த ஒரு பதில் 2016ஐத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) விதியை மாற்றியது: முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இதே ஓசூர் சாலை, பொம்மனஹள்ளி அருகே மறிக்கப்பட்டது. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

ஐம்பத்தெட்டு வயதுவரை எந்தப் பெண்ணால் அந்த மெஷின் முன் உட்கார முடியும்? வேலையை விட்டு நின்று, பி.எஃப். பணத்தை எடுத்து, கடனோ பீஸோ கட்டிவிட்டு, வேறு ஆலையில் சேருவது பல குடும்பங்களின் திட்டம். சட்டம் எழுதியவர்களுக்கு அது முதுமைக்கால நிதி. இந்த வீடுகளுக்கோ ஆபத்துக்கு உதவும் பணம். மாணவி கேள்விப் பட்டியலைத் திருத்தினாள். 'எவ்வளவு' போய், 'கடைசியாக எப்போது எடுத்தீர்கள், அன்று என்ன நடந்தது' வந்தது. இனி அவளுக்கு எண்ணோடு கதையும் கிடைக்கும்.

வெள்ளி

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கிறது. பேசிய தமிழிலேயே, தயக்கமும் சிரிப்பும் விடாமல் எழுதுகிறாள். பெயர்களை மாற்றி, அசல் பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டிவைக்கிறாள். கோப்புக்கு வேறு வேறு இடங்களில் பிரதிகள்.

பிரதிகளின் அருமையை மானுடவியலர் எம்.என். ஸ்ரீநிவாஸ் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. மைசூரில் பிறந்த அவர் 1948இல் அருகிலிருந்த ஒரு கிராமத்தில் களப்பணி செய்தார். எழுத்தில் அதற்கு ராம்புரா என்று பெயர் மாற்றினார். ஆண்டுக்கணக்கில் செப்பனிட்ட குறிப்புகளின் மூன்று பிரதிகளும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில் இருந்தன. 1970 ஏப்ரலில் அந்தக் கட்டடத்துக்குச் சிலர் தீ வைத்ததில் அவை எரிந்துபோயின. நினைவை நம்பி அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்து இந்திய மானுடவியலின் சிறந்த படைப்புகளில் ஒன்றானது.

சனி

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தொழில் நிறுவனங்களிலும் இதே களப்பணித் திறன்கள்தாம் வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் மானுடவியலர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் திண்டாடுவதைப் படம்பிடித்துக் கவனித்து, 1987இல் நூலாக்கினார். இயந்திர வடிவமைப்பைப் பற்றிய சிந்தனையையே அது மாற்றியது. மாணவி இன்று பழகியது, நீண்ட குறிப்புகளை ஒரு தொழிற்சங்க ஊழியரும் படிக்கக்கூடிய இரண்டு பக்கமாகச் சுருக்குவது.

ஞாயிறு

மானுடவியலர் ஸ்கார்லெட் எப்ஸ்டைன் 1954இல் மண்டியா பக்கம் இரண்டு கிராமங்களுக்கு வந்தார். ஒன்றுக்குக் கால்வாய்த் தண்ணீர் கிடைத்தது; மேட்டில் இருந்த மற்றதற்குக் கிடைக்கவில்லை. நீர் வந்த ஊரில் கரும்பும் செல்வமும் பெருகின, பழைய உறவுமுறைகள் பெரிதாக அசையவில்லை. வறண்ட ஊரார் வெளியே வேலையும் வியாபாரமும் தேடிப் போனார்கள். அங்கேதான் சமூகம் வெகுவாக மாறியது. அவர் 1970இல் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார்.

எப்ஸ்டைனின் ஆய்வைப் படித்த பிறகு மாணவியின் கவனம் ஆலையைத் தாண்டிப் போகிறது. தொழிலாளிகளின் வாடகை யாருக்குப் போகிறது? நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த குடும்பங்கள் இன்று எதை நம்பி வாழ்கின்றன? அடுத்த வாரம் வீட்டுக்காரர்களைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறாள். கன்னடத்தில் பேச வேண்டும் என்பதால், உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருத்தியும் உடன் வருகிறாள். உழைப்புக்குக் கூலியும், அறிக்கையில் அவள் பங்குக்கு இடமும் முன்கூட்டியே பேசி எழுதியாயிற்று.