குளத்துக்குப் போகும் திட்டம்

மீன்பிடிப்பது இரண்டு நாள் வேலை. அதற்குத் திட்டமிடுவதோ ஒரு போகம் நெல் விளைவிக்கும் காலத்தை எடுத்துவிடும் போலிருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காடு சூழ்ந்து கிடக்கும் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போய் ஓர் இரவு தங்கித் தூண்டில் போடுவதென்று நண்பர்கள் நால்வர் பேசத் தொடங்கி மூன்று மாதங்களாகின்றன. இன்னும் ஒரு தூண்டில் முள்ளேனும் நனையவில்லை.

இந்த யோசனையை முன்வைத்தவர் ரொறன்ரோவில் வாழும் நண்பர். ஒன்ராறியோவின் வடபகுதி ஏரிகளில் கோடைதோறும் மீன்பிடித்துப் பழகியவர். அங்கே தூண்டில் போட அனுமதி அட்டை வேண்டும். எந்த மீனை எந்தக் காலத்தில், எத்தனை எண்ணிக்கையில் பிடிக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவாராம். அடுத்தவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். செலவுக் கணக்கு அவர் பொறுப்பு. மூன்றாமவர் மாஸ்ரர். எங்கள் மூவரிலும் பத்து வயது மூத்தவர். அந்தக் குளக்கட்டின் அருகே பிறந்து, அந்தப் பகுதிப் பாடசாலைகளிலேயே படித்தும் படிப்பித்தும் வாழ்ந்தவர். குளம் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவரே.

முதற் சிக்கல் நாள் குறிப்பதில் எழுந்தது. மாரியில் போவதற்கில்லை. வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பி வான் பாயும், பாதையும் சேறாகிவிடும். சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்டுக் குளம் வற்றி ஒடுங்கும் ஆனி, ஆடி மாதங்களே தோதானவை. ரொறன்ரோ நண்பரின் விடுமுறையும் அப்போதுதான். ஆனால் அவருக்கு நல்லூர்த் திருவிழாவும் பார்க்கவேண்டும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறினால் இருபத்தைந்து நாள்களுக்கு யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் அடுக்களைக்குள் மச்சம் நுழையாது. வங்கி நண்பரின் மனைவி இந்த விடயத்தில் மிகக் கண்டிப்பானவர். ஆகவே கொடியேறுவதற்கு முன்னரே போய்வந்துவிட வேண்டும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் போகலாம், நிலவிருந்தால் யானை வருவது தூரத்திலேயே தெரியும் என்றார் மாஸ்ரர். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்குமே என்று வங்கி நண்பர் முணுமுணுத்தார். "கரடி திரியிற காட்டுக்குக் குடிச்சுப்போட்டு வாறதெண்டால் நீங்கள் வேற ஆளைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று மாஸ்ரர் சொன்னதோடு அந்தப் பேச்சு அடங்கிற்று.

அடுத்தது அனுமதி. ஆளில்லாக் காட்டுக் குளம் என்று நகரத்தவர் நினைக்கும் இடத்துக்கும் உரிமையாளர்கள் பலருண்டு. நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சுற்றியுள்ள காட்டுக்கு வேறு திணைக்களம். குளத்து மீனோ அங்குள்ள நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரின் சீவனோபாயம். 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியாவே இன்றும் அவர்களுக்குச் சோறு போடுகிறது. 1990ஆம் ஆண்டில் அன்றைய அரசாங்கம், சமயக் காரணம் காட்டி, நன்னீர் மீன்பிடிக்கான அரச உதவியை நிறுத்திவிட்டது. 1994இல் அது மீண்டும் தொடங்கப்பட்டது. இன்று குளங்களில் குஞ்சு விடும் பணியை நெக்டா எனப்படும் அதிகார சபை கவனிக்கிறது. அப்படி விட்ட குஞ்சு வளர்ந்து பிறர் வலையில் விழவேண்டியதை நாம் பொழுதுபோக்குக்காகத் தூக்கிவருவதென்றால் முதலில் சங்கத்தாரிடம் கேட்கவேண்டும். கேட்டோம். வலை கூடாது, தூண்டில் மட்டும் என்றார்கள். காட்டுக்குள் கூடாரம் அடிக்கவேண்டாம், தங்கள் வாடியிலேயே படுக்கலாம் என்றும் சொன்னார்கள்.

பொருள்களின் பட்டியல் நீண்டது. அரிசி, தேங்காய், பழப்புளி, கறித்தூள், மீன் உரஞ்சிக் கழுவச் சாம்பலும் கல்லுப்பும். கடல் மீனில் வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்குக் குளத்து மீனென்றால் சேற்று மணம் என்று ஓர் இளக்காரம் உண்டு. விராலைச் சாம்பலில் உரஞ்சிப் புளி சற்று முன்நிற்க ஆக்கினால் அந்த எண்ணம் மாறிவிடும் என்பது மாஸ்ரரின் வாதம். ரொறன்ரோ நண்பர் மலேரியா மாத்திரை வேண்டுமா என்று கேட்டிருந்தார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. நுளம்புக்குப் பயப்படுவதானால் டெங்குவுக்குப் பயப்படும் என்று பதில் எழுதினேன்.

பட்டியலில் விறகும் இருந்தது. காட்டுக்குப் போகிறவன் விறகு கட்டிக்கொண்டு போவானா என்று அவர் சிரித்தார். சிரிக்கும் விடயமன்று. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. வன்னியில் ஆண்டுக்கணக்காக மண்ணை விரற்கடை விரற்கடையாகக் கிளறி அவற்றை அகற்றியிருக்கிறார்கள். ஆயினும் அங்கே வாழ்ந்தவர்கள் அடிபட்ட பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கிச் சுள்ளி பொறுக்கமாட்டார்கள்.

விறகைப் பற்றிய அந்தப் பேச்சுக்குப் பின்னர்தான் மாஸ்ரர் மௌனமானார். இரண்டு கிழமைகளாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். 2009இன் தொடக்கத்தில் குளக்கட்டை விட்டு வெளிக்கிட்டவர் அவர். புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது இளைய மகன் அவரோடு இல்லை. அதற்குப் பிறகு மகளோடு யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டார். ஒட்டுசுட்டானைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை.

"பேராற்றை மறிச்சுத்தான் முத்தையன்கட்டைக் கட்டினவங்கள்" என்றார். "அந்தத் தண்ணி கடைசியா எங்க போய் விழுகுது எண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். பேராறு நந்திக்கடலில் விழுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தசாப்தங்களாகப் பிறர் துயரங்களைச் செய்தியாக்கி வந்தவனுக்கு அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு வசனம் கிடைக்கவில்லை. எங்களுக்கு அது ஓர் உல்லாசப் பயணம். அவரோ எங்கள் உல்லாசத்துக்கு வழிகாட்டியாக வரவேண்டியவர். அப்படி ஒருவரைக் கேட்பது நியாயந்தானா என்று அன்றிரவு மற்ற இருவருக்கும் எழுதினேன். பயணத்தைக் கைவிடலாம், அல்லது வேறொரு குளத்தைப் பார்க்கலாம் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மாஸ்ரரிடம் அதைச் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நான் வரமாட்டன் எண்டு சொன்னனானே?" என்று கேட்டார். மறுநாள், பழைய வினாத்தாள் ஒன்றின் பின்புறத்தில் தாமே கீறிய வரைபடத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓடைகள், மருத மரங்கள், முதலை வெயில் காயும் திட்டி, விரால் தங்கும் கோரைப்புல் மறைவு எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் 1980களின் குளம். கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தை எடுத்து அருகே வைத்துப் பார்த்தோம். சில பாதைகள் புதியன. சில மரங்கள் இல்லை. கரையின் வளைவு மட்டும் அவர் கீறியபடியே இருந்தது.

அதன்பின் திட்டம் முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. விராலுக்குத் தங்கூசியும் உயிர்த் தவளையும் போதும், வெளிநாட்டு உருளைத் தூண்டில் அலங்காரத்துக்கு இருக்கட்டும் என்றார். பிடித்த மீனைத் திரும்ப விடுவதைப் பற்றி ரொறன்ரோ நண்பரோடு தொலைபேசியில் ஒரு மணிநேரம் வாதிட்டார். விடுவதற்கென்றே பிடிப்பது மீனைப் பகிடி பண்ணுவது என்பது அவர் கட்சி. ஆனால் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நகர்ந்தால் அந்தப் பக்கம் எவரும் தூண்டில் எறியக்கூடாது என்று அவரே விதித்தார். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பெரியதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் வேறு மீன்களுக்கு இரையாகிவிடும். ஒன்ராறியோவில் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதைத்தான் நீங்கள் தவளையோடு சொல்கிறீர்கள் என்று நண்பர் சிரித்தாராம்.

போகும் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் தேங்காய் உடைப்பது, அதற்கப்பால் வானை மெதுவாக விடுவது என்பவை கடைசியாகச் சேர்ந்தவை. இரண்டாவதற்கு அவர் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேற்றிரவு குழுவில் அவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்திருந்தது: "தவளைக்கு ஒருத்தரும் யோசிக்கவேண்டாம். அது எங்க கிடக்கும் எண்டு எனக்குத் தெரியும்."