நிமிஷமா... கிலோமீட்டரா?

கோடம்பாக்கத்தில் ஒருத்தன் காலங்கார்த்தாலே ஓடினால், ‘என்ன சார், ஷூட்டிங்கா?’ என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஓடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ‘5 கிலோமீட்டர் முடிச்சுட்டுத்தான் காபி’ என்பது தூரக் கட்சி. ‘அரை மணி ஓடுவேன், எவ்வளவு தூரம் வருதோ வரட்டும்’ என்பது நேரக் கட்சி. அடியேன் நேரக் கட்சியின் ஆயுட்கால உறுப்பினர்!

காரணம் இருக்கிறது. தூரம் என்று வைத்துக்கொண்டால், ‘வேகமா ஓடினா சீக்கிரம் முடியுமே’ என்று மனசு கணக்குப் போடும். ரெண்டாவது கிலோமீட்டரிலேயே நாக்கு வெளியே வந்துவிடும். நேரம் அப்படியில்லை. தலைகீழாக நின்றாலும் 30 நிமிஷம் 30 நிமிஷம்தான். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கால் தானாக நிதானத்துக்கு வந்துவிடும். ஆற்காடு ரோட்டில் 15 நிமிஷம் போனால், திரும்ப ஒரு 15. எலெக்ட்ரிக் ட்ரெயினையும் கோட்டை விட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனமும் நம்ம கட்சிதான்! பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிஷம் கடுமையான பயிற்சியோ செய்யவேண்டும் என்று 2020-ல் சொன்னது. கிலோமீட்டர் பேச்சே இல்லை. வாரம் 3 நாள் அரை மணி ஓடினால் 90 நிமிஷம். பாஸ் மார்க்!

எங்கள் பேட்டையில் படச்சுருள் ஓடிய காலத்தில் நேரமும் தூரமும் ஒன்றாகவே இருந்தன. 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரோல் என்றால் சுமார் 11 நிமிஷம். ஆனால் மனுஷன் காமிரா இல்லையே! ராத்திரி கொத்துப் பரோட்டா அடித்தவனுக்கும், மே மாதப் புழுக்கத்தில் ஓடுகிறவனுக்கும் அதே அரை மணிக்கு அதே தூரம் வருமா?

இதையெல்லாம் அக்கா மகனிடம் விளக்கினேன். போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகிறான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடவேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “மாமா, உங்களுக்கு 7 நிமிஷம்னா உடம்பு சூடாகுற நேரம். எனக்கு அது வேலை.”

சுருக்கென்றது. கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 செகண்ட். ஒரு செகண்ட் கூடினாலும் வீட்டுக்கு வரவேண்டிய சம்பளம் வராது. இப்போது வாரம் ரெண்டு நாள் மைதானத்தில் வாட்ச் பிடிப்பது நான். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிஷம் 52 செகண்ட் தாண்டினால் கத்துவதும் நான்தான். மற்ற நாட்களில் அவன் என்னோடு அரை மணி, தூரம் பார்க்காமல் ஓடுகிறான். மூச்சு பலப்படுவது அந்த நாட்களில்தான்.

ஆக, பரீட்சை எழுதுகிறவனுக்குத் தூரமும் வேண்டும், கெடிகாரமும் வேண்டும். நமக்கு யாரும் மார்க் போடப்போவதில்லை, நேரம் போதும். 20 நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். ஓடிக்கொண்டே மேனேஜரை ஒரு முழு வாக்கியம் திட்ட முடிந்தால் வேகம் சரி. திட்டும்போது மூச்சு வாங்கினால், வேகத்தைக் குறையுங்கள்... திட்டை அல்ல!