சக்கரம் கட்டிய மெஷின்கள்

வீட்டு முன்பக்கம் கார் நிறுத்தும் இடம்தான் என் தச்சுப் பட்டறை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ரம்ப மெஷின், டிரில்லிங் மெஷின், சுவரோரம் மேசைமேல் ஒரு சின்னக் கடைசல் மெஷின். ரம்ப மெஷின் மட்டுமே நூறு கிலோ வரும். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கார் உள்ளே வந்தால் மெஷின் ஓரம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டுப் பையன்களைக் கூப்பிடக் கூச்சம். இரண்டு மாதம் மரத்தையே தொடவில்லை.

"பேசாம வித்துடுங்களேன்" என்றாள் மனைவி.

விற்கவில்லை. சக்கரம் போட்டேன்.

பள்ளியில் பிரெஞ்சில் இதை 'ரூலெத்' என்று படித்தோம். சூதாட்டச் சக்கரத்துக்கும் அதே பெயர். புதுச்சேரிக் கடையில் இன்று அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். கேஸ்டர் வீல் என்று கேளுங்கள். நான்கு சக்கரம் வாங்கினாலும் மூன்றுதான் சுமக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுத் தரை எதுவும் மட்டமாக இருப்பதில்லை, ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். இரண்டங்குலச் சக்கரம் மலிவு. ஆனால் ஒரு மரச் சில்லு குறுக்கே வந்தால் நின்றுவிடும். நான் வாங்கியது நான்கு அங்குலம். இரண்டு நேராக மட்டும் ஓடும், இரண்டு திரும்பும்.

பிரேக் வைத்த சக்கரம் போதும் என்றார் கடைக்காரர். எனக்கு ஒப்பவில்லை. பிரேக் போட்டாலும் திரும்பும் சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பலகையை ரம்பத்தில் தள்ளும்போது மெஷின் அரை அங்குலம் நகர்ந்தால் விரல் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடும்போதுதான் சக்கரம் சுமக்க வேண்டும், அறுக்கும்போது மெஷின் தரையில் உட்கார வேண்டும். அதனால் வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடிக்கச் சொல்லி, நான்கு மூலையிலும் நட்டு வைத்து, 12 எம்.எம். திரெட் ராடு நீளமாக மேலே வரும்படி கைப்பிடியோடு போடச் சொன்னேன். "எதுக்கு அய்யா இவ்ளோ நீளம்?" என்றார். குனியத்தான் முடியவில்லையே! கைப்பிடியை முறுக்கினால் ராடு தரையில் ஊன்றிச் சக்கரம் மேலே எழும்பிவிடும். தரை மேடுபள்ளமும் அதிலேயே சரியாகும்.

டிரில்லிங் மெஷின் வேறு சாதி. மோட்டார், தலை எல்லாம் உச்சியில், அடி சின்னது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படிச் சக்கரம் கட்டியதை மேலே பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். முன்சக்கரம் சாக்கடை மூடி இடுக்கில் மாட்ட, மெஷின் குப்புற விழுந்தது. தள்ளியவர் விலகியதால் பிழைத்தார். என் சட்டத்தை இரண்டடிச் சதுரமாக அகலப்படுத்தினேன். தள்ளுவதும் இடுப்புக்குக் கீழேதான், அதுவும் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிய பிறகு.

கடைசல் மெஷினுக்குச் சக்கரம் போடவில்லை. கோணல் கட்டையைச் சுழற்றும்போது அது அதிரும். கனமாக ஓரிடத்தில் நிற்பதே நல்லது.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அன்று சாயங்காலம் தெருப்பக்கம் நின்ற இரண்டு மெஷின்களையும் வீட்டை ஒட்டிய மேட்டுப் பக்கத்துக்கு நானே தள்ளிவிட்டேன். இரவில் தண்ணீர் பாதி இடம் வரை வந்து நின்றது. காலையில் முழங்கால் தண்ணீரில் எதிர்வீட்டுப் பையன்கள் வந்து, "தாத்தா, மெஷினைத் தூக்கணுமா?" என்றார்கள்.

"தள்ளியாச்சுப்பா" என்றேன். மனைவி காப்பி கொடுத்தாள்.