பழைய கியூவும் பேரம் பேசுற தர்மமும்

செகண்ட் ஹேண்ட்ல பைக் வாங்கணும்னா நம்ம ஊர்ல யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. புகையைப் பாரு, செயினைப் பாரு, ஆர்.சி. புக்கைப் பாருன்னு வரிசையா வருவாங்க. பழைய மாடு வாங்கணும்னாலும் பல்லைப் பிடிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச பெரியவர் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். ஆனா பழைய ஸ்னூக்கர் ஸ்டிக் வாங்கணும்னா யாரைக் கேக்கறது? அதான் இந்தப் பதிவு. கேட்டு, அலைஞ்சு, மலை ஏறி இறங்கித் தெரிஞ்சுக்கிட்டதை எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

விஷயம் இதுதான். என் அக்கா பையனுக்கு ஸ்னூக்கர் பைத்தியம். பார்லர்ல கிடக்கிற பொது ஸ்டிக்கை வச்சே ரெண்டு வருஷம் ஆடிட்டான். சொந்தமா ஒண்ணு வேணும், புதுசா வாங்க வசதி இல்ல, மாமா பழசா பார்த்துக் குடுங்கன்னான். பட்ஜெட் 3,000 ரூபாய். பார்லர்ல எல்லாரும் ஸ்டிக்னுதான் சொல்றோம், சரியான பேரு கியூ. நான் ரெண்டையும் கலந்துதான் எழுதுவேன், கண்டுக்காதீங்க :-)

பழனி மலையில போய் கியூ தேடறியான்னு சிரிக்காதீங்க. இந்த ஆட்டத்துக்கும் நம்ம மலைக்காடுகளுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1875ல ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில நெவில் சேம்பர்லேன்ங்கிற அதிகாரி விளையாட்டா ஆரம்பிச்சதுதான் ஸ்னூக்கர் (பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரா வந்த சேம்பர்லேன் வேற ஆளு). 1882 வாக்குல ஊட்டி கிளப்பில விதிமுறைகளை எழுதி மாட்டினாங்கன்னு சொல்வாங்க. ஊட்டியில இருந்த துரைமாருக்கு இருந்த பழக்கம் கொடைக்கானல்ல இருந்தவங்களுக்கும் இருந்திருக்கும்ல? கொடைக்கானல் கிளப் ஆரம்பிச்சது 1887ல. மலையில பழைய பங்களாக்களைக் காலி பண்றப்ப நாற்காலி, கடிகாரம், கண்ணாடிச் சாமானோட சேர்ந்து எப்பவாவது ஒரு கியூவும் வெளிய வரும். அந்த நம்பிக்கையிலதான் கிளம்பினேன்.

மொதல்ல பார்த்தது ஒரு ரிசார்ட். பூல் டேபிளை எடுத்துட்டு வேற ஏதோ போடப் போறாங்களாம், ஆறு ஸ்டிக் இருக்கு, ஒண்ணு 300 ரூபாய்னாங்க. பார்க்க நல்லா பளபளன்னு டிராகன் படமெல்லாம் போட்டிருந்துச்சு. இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பூல் கியூவோட நுனி 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்னூக்கர் கியூவுக்கு 9, 10 மில்லிமீட்டர்தான். ஸ்னூக்கர் பந்து சின்னது, அதுக்குத் தடிச்ச நுனி சரிப்படாது. ஆக அது எங்களுக்கு ஆகாது. இருந்தாலும் பழக்கதோஷம், எடுத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பார்த்தேன். ஆறில் மூணு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு! எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டா, கணப்பு அடுப்புக்குப் பக்கத்துச் சுவத்துல சாத்தி வச்சிருந்தாங்களாம். வெளிய மார்கழிப் பனி, ஒரு பக்கம் நெருப்பு. மரம் என்னதான் பண்ணும் பாவம்.

மரம்ங்கிறது வெட்டினப்புறமும் தண்ணி குடிக்கும். காத்துல ஈரம் இருந்தா இழுத்து ஊதும், காய்ஞ்சா சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிச் சுருங்கினா பிரச்சினை இல்ல. ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சா வளையும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், வருஷத்துல பாதி நாள் மேகத்துக்குள்ள இருக்கிற ஊர். பழனி அடிவாரமோ அனல். ஒரே நாள்ல பஸ்ஸில இறங்கினாலே நம்ம காது அடைக்குது, அம்பது வருஷம் குளிர்ல இருந்த மரத்துக்கு எப்படி இருக்கும்? அதனால மலையில நேரா இருக்கேன்னு நம்பி வாங்கினது கீழ வந்து ஒரு மாசத்துல வளையலாம். மேல இருந்து வாங்கினா கீழ கொண்டு வந்து வெயில் படாம, சுவத்துல சாத்தாம, படுக்க வச்சு நாலு வாரம் விட்டுட்டு அப்புறம் பாருங்க. அதுக்குள்ள மெருகு போடறேன், உப்புத்தாள் தேய்க்கிறேன்னு எதுவும் செய்யாதீங்க.

சோதனை பண்ற விதமும் சொல்லிடறேன். டேபிள்ல உருட்டிப் பார்த்து நேரா இருக்குன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. கியூ ஒரு பக்கம் தடிச்சு மறுபக்கம் மெலிஞ்சு போறது, உருட்டினா நல்லதே ஆடற மாதிரி தெரியும். கண்ணுக்கு நேரா பிடிச்சு, சுழட்டிச் சுழட்டி, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. அடிப்பக்கத்தைத் தரையில லேசா தட்டுங்க. "டிக்"குன்னு சுத்தமா சத்தம் வந்தா நல்லது. "கிர்"னு அதிர்ந்தா ஜாயிண்டோ நுனியில இருக்கிற பித்தளைப் பூணோ லூசு. அப்புறம் ஒரு வெர்னியர் கொண்டுபோய் நுனியை அளங்க. முன்னாடி வச்சிருந்த ஆள் அழுக்கு எடுக்கிறேன்னு தேய்ச்சுத் தேய்ச்சு ஈர்க்குச்சி ஆக்கியிருப்பார். டிப் தேய்ஞ்சிருந்தா கவலைப்படாதீங்க, அது செருப்புக்கு வார் மாத்தற மாதிரி, சின்னச் செலவு. ஆனா அதைக் காட்டி விலை குறைக்கலாம், தப்பில்ல :-)

அடுத்து வத்தலக்குண்டு. மலையில இருந்து இறங்கற சாமான்ல ஒரு பங்கு அங்கதான் வந்து சேரும். ஒரு பழைய சாமான் கடையில கியூ இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனேன். கியூ நடுவுல விரிசல், ஆகாது. கடைக்காரர் விடலை. "அண்ணே, இதைப் பாருங்க"ன்னு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ள மூணு பந்து. மஞ்சள் பாரிச்சு, மெல்லிசா கோடு கோடா வெடிப்பு. மூணும் சேர்த்து 2,000 ரூபாய், வெளியூர்க்காரன் வந்தா பத்தாயிரத்துக்குப் போகும்னார்.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. அந்தக் காலத்துல பில்லியர்ட்ஸ் பந்தை யானைத் தந்தத்துலதான் கடைஞ்சாங்க. ஒரு தந்தத்துல உருப்படியா நாலஞ்சு பந்துதான் தேறும். தந்தம் கட்டுப்படி ஆகாமப் போய், 1863ல அமெரிக்காவில ஒரு கம்பெனி மாற்றுப் பொருள் கண்டுபிடிச்சா 10,000 டாலர் பரிசுன்னு அறிவிச்சது. அந்தத் தேடல்லதான் ஹையட்ங்கிறவர் செல்லுலாய்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டத்துல 1986ல கொண்டுவந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடை பண்ணுச்சு. 1991 திருத்தத்துல ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்துடுச்சு. தாத்தா காலத்துப் பொருள், எப்பவோ செத்த யானைங்கிற கதையெல்லாம் செல்லாது. விக்கிறவர், வாங்கறவர் ரெண்டு பேருக்கும் கம்பிதான். டப்பாவில இருந்தது தந்தமா பழைய செல்லுலாய்டான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சந்தேகம்னாலே தொடக்கூடாது. கடைக்காரர்கிட்ட விவரத்தைச் சொல்லி, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல காட்டிடுங்கண்ணேன்னு சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போச்சு. அவருக்கு நிஜமாவே தெரியலை. இதே பழனி மலையோட கீழ்க்காட்டில இன்னிக்கும் யானை நடக்குது, 2013ல இருந்து கொடைக்கானல் காடு சரணாலயம் வேற. மலிவா கிடைக்குதுன்னு வாங்கற பொருளுக்குப் பின்னாடி இப்படியும் ஒரு கணக்கு இருக்கும்.

இப்ப பேருக்குக் குடுக்கிற விலையைப் பத்தி. மெஷின்ல செய்யற சாதா கியூ, கடை வாசல் தாண்டினதும் பாதி விலைக்கு வந்துடும், பைக் மாதிரிதான். ஆனா கையால செஞ்சவர் பேரு பெருசா இருந்தா, வருஷம் ஆக ஆக விலை ஏறும். அமெரிக்காவில ஜார்ஜ் பாலபுஷ்கான்னு ஒருத்தர். 1912ல ரஷ்யாவில பிறந்து, பன்னெண்டு வயசுல குடிபெயர்ந்து போனவர், தச்சு வேலைக்காரர். 1959ல கியூ செய்ய ஆரம்பிச்சு 1975ல செத்துப்போறவரைக்கும் ஆயிரத்துச் சொச்சம் கியூதான் செஞ்சிருப்பார். இன்னிக்கு அதெல்லாம் பல ஆயிரம் டாலர். 1986ல வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்துல அவர் பேரைச் சொல்லி ஒரு கியூ வரும், அதுக்கப்புறம் மவுசு இன்னும் ஏறிடுச்சு. வேடிக்கை என்னன்னா படத்துல டாம் குரூஸ் கையில இருந்தது பாலபுஷ்காவே இல்ல, ஜாஸ் கம்பெனி கியூ!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாலபுஷ்கா தன்னோட பல கியூவுக்கு அடிமரமா எடுத்தது பிரன்ஸ்விக் கம்பெனியோட 'டைட்டிலிஸ்ட்'. அது பூல் ஹாலுக்குன்னு வந்த சாதாரணப் பொதுக் கியூ. விஷயம் தெரிஞ்சவங்க பழைய ஹாலா தேடிப் போய் அந்த டைட்டிலிஸ்ட்டைச் சல்லிசா வாங்கிட்டு வந்து, வெட்டி ஜாயிண்ட் போட்டு நல்ல கியூவா மாத்திக்கிட்டாங்க. வித்தவருக்கு அது சுவத்துல கிடந்த குச்சி. வாங்கினவருக்கு அது என்னன்னு தெரியும். இதைப் படிச்சப்ப கெட்டிக்காரத்தனம்னுதான் நினைச்சேன். எனக்கே அப்படி ஒரு சந்தர்ப்பம் வர்ற வரைக்கும்.

நாயுடுபுரம் பக்கம் ஒரு பெரியவர். மலையில ஒரு கிளப்பில மார்க்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். மார்க்கர்னா டேபிளைத் துடைச்சு, பாயிண்ட் எண்ணி, மெம்பருக்கு ஜோடி இல்லாதப்ப கூட ஆடி, ஜெயிக்கிற ஆட்டத்தையும் மரியாதைக்குத் தோத்துக் குடுக்கிற வேலை. அவர்கிட்ட ஒரு கியூ இருந்துச்சு. ஊரை விட்டுப் போன மெம்பர் ஒருத்தர் குடுத்துட்டுப் போனதாம். ஒரே துண்டு, ஆஷ் மரம், பிடிப்பக்கம் எபனி, அதாவது நம்ம கருங்காலி. பிடியில சின்னத் தகடு, அதுல லண்டன் பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் பேரு. 1836ல ஆரம்பிச்ச கம்பெனி. ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தேன், நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு.

"எவ்வளவுங்க ஐயா?"

"ஆயிரம் குடுங்க தம்பி. கண்ணு தெரியலை, இனிமே நான் எங்க ஆடப் போறேன்."

ஆயிரம் ரூபாயை எடுத்து வச்சிட்டு இறங்கி வந்திருக்கலாம். கூட வந்த நண்பர் என் தொடையைக் கிள்ளறார். ஆனா அந்தத் தகடு பதிச்ச பழைய கியூவை வெளிநாட்டுல தேடித் தேடி வாங்கறவங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டிப்பு தேய்ஞ்சிருக்கு, பூண் கறுத்திருக்குன்னு சொல்லி நூறு எரநூறு குறைச்சிருந்தா அது பேரம். ஏன்னா குறை அவர் கண்ணுக்கும் தெரியுது, அவரும் பதில் பேசலாம். தகட்டைப் பார்த்தும் வாயை மூடிக்கிட்டா அதுக்குப் பேரு பேரம் இல்லைங்க. பார்வை மங்கினவர்கிட்ட சில்லறை மாத்திக் குடுக்கிற மாதிரி. சொல்லிட்டேன்.

பெரியவர் ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம், "அப்படியா, அப்ப ஐயாயிரம் குடுங்க"ன்னார்!

நண்பர் தலையில கை வச்சுட்டார். அங்க இருந்துதான் நிஜமான பேரமே ஆரம்பிச்சது. டிப்பு, பூண், பிடிக்கு மேல ரெண்டு அடி வாங்கின தடம், எல்லாத்தையும் காட்டினேன். அவரும் விடலை, மனுஷன் எத்தனை வருஷம் பாயிண்ட் எண்ணினவர்! கடைசியில 4,000. பட்ஜெட்டுக்கு மேல ஆயிரம். அக்கா பையன் அந்த ஆயிரத்தைத் தன் சேமிப்பில இருந்து குடுத்தான். "சும்மா இருந்திருந்தா மூவாயிரம் மிச்சம்"னு நண்பர் இன்னிக்கும் என்னைக் கடிக்கிறார். கடிக்கட்டும். பையனை அடுத்த மாசம் அந்தப் பெரியவர்கிட்ட அனுப்பி ரெண்டு பாடம் கேட்டுக்கச் சொல்லியிருக்கேன். ஆயிரத்துக்கு வாங்கியிருந்தா எந்த முகத்தோட அனுப்பறது?

ஆக என் கணக்கு இவ்வளவுதான். பழைய பொருள் வாங்கறப்ப பொருளோட குறையை வச்சு எவ்வளவு வேணா அடிச்சுப் பேசுங்க. விக்கிறவரோட தெரியாத்தனத்தை வச்சுப் பேசாதீங்க. காயலான் கடை முதலாளிகிட்ட இந்த அளவுக்குப் பார்க்கணுமான்னு கேட்டா, அவர் தொழிலே விலை தெரிஞ்சு வாங்கி விக்கிறது, அவர் பார்த்துப்பார். வீட்டுல இருக்கிற ஒரே பொருளை விக்கிறவர் விஷயம் வேற. உங்களுக்கு இதுல வேற அபிப்பிராயம் இருந்தா சொல்லுங்க, சண்டை போடலாம்.

பி.கு: ஒரே துண்டு கியூவோட நீளம் 4 அடி 10 அங்குலம். அதை மலை பஸ்ஸில கொண்டு வர்றது தனி சாகசம். கண்டக்டர், "என்ன சார், ஏரியில மீன் பிடிக்கவா"ன்னார். பக்கத்து சீட்டுக்காரர் கருங்காலின்னு கேட்டதும் பிடியைத் தடவிப் பார்த்து, "இதைக் கடைஞ்சா எத்தனை மாலை தேறும்"னு கேட்டார். இப்ப இருக்கிற கருங்காலி மாலை மோகத்துல அதுவும் ஒரு ரீசேல் மதிப்புதான் போல. பத்திரமா மடியில வச்சுக்கிட்டு இறங்கினேன் :-)