சைக்கிள் ஏறிய போலீஸ்

அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கடற்கழியின் ஓரத்தில், மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது ஸியாட்டில் பட்டணம். மோட்டார் மலிந்த அத்தேசத்தில் போலீஸார் சைக்கிள் மிதித்து வருவதைக் கண்டால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

காரணம் இதுதான். 1987-ஆம் வருஷத்தில் பஸ்களுக்காக நகரின் நடுவே சுரங்கப் பாதை தோண்டினார்கள். வீதிகள் அடைபட்டன, போலீஸ் மோட்டார்கள் திணறின. அப்போது பால் கிரேடி, மைக் மில்லர் என்னும் இரண்டு உத்தியோகஸ்தர்கள் சைக்கிளில் ரோந்து புறப்பட்டார்கள். நெரிசலில் புகுந்து செல்லலாம். சந்தடியின்றி வருவதால் திருடனுக்கு முன்னறிவிப்புக் கிடைக்காது. இடையில் கண்ணாடிக் கதவு இல்லையாதலால், பைக் பிளேஸ் சந்தையின் மீன் வியாபாரியும் அவர்களை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசலாம். இம்முறை பிற பட்டணங்களுக்கும் பரவியது.

ஆனால் 1999-இல் உலக வர்த்தக ஸ்தாபன மகாநாட்டை எதிர்த்தும், 2020-இல் ஜார்ஜ் பிளாய்டின் கொலையைக் கண்டித்தும் ஜனங்கள் அங்கே திரண்டபோது, அதே சைக்கிள்கள் வரிசையாக நின்று வேலியாயின; கூட்டத்தைப் பின்னே தள்ளின.

போலீஸார் மோட்டாரிலிருந்து இறங்கியது நல்லதே. அதிகாரமும் கூடவே இறங்கிற்றா என்பதையே நாம் கேட்க வேண்டும்.