பீச்சாங்கைத் தம்பிக்கு

ஹூஸ்டன்
18.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்கு முட்டிவலி பரவாயில்லை. பாப்பாவுக்குப் பல் முளைத்த படம் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அப்பா சிரிப்பு.

கிரீன் கார்டு வந்த கையோடு நீ என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. “அக்கா, கிளாக் வாங்கினா ஜென் 3-ஆ, ஜென் 5-ஆ? ஒன்பது எம்எம்மா, நாற்பத்தைந்தா?” என்று ஒரே மூச்சில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். எச்-1பி விசாக்காரர்களைப் பெரும்பாலும் இந்த நாட்டுச் சட்டம் துப்பாக்கிப் பக்கமே அண்டவிடாது. அதனால்தான் நீ இங்கே வந்தபோதெல்லாம் உன்னை நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகவில்லை. இனி அந்தத் தடை இல்லை. பதில்தான் போனில் அடங்காது.

முதலில் ஜென், அதாவது தலைமுறை விஷயம். ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பி, கத்தி என்று செய்துகொண்டிருந்தவர் கஸ்டன் கிளாக். 1982-இல் அந்த நாட்டு ராணுவம் அவருடைய பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. பிளாஸ்டிக் உடம்பு, மேலே எஃகு ஸ்லைடு. கிளாக் 17 என்ற பெயர் அவருடைய பதினேழாவது காப்புரிமையால் வந்தது. அது சுடும் விதம் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைமுறைக்குத் தலைமுறை நமக்குத் தெரிகிற மாற்றம் கை பிடிக்கும் இடத்தில்தான்.

ஜென் 3-இல் கைப்பிடியின் முன்பக்கம் விரல்களுக்கென்று வரப்பு கட்டியிருப்பார்கள். என் கை சின்னது என்பது உனக்குத் தெரியும். என் நடுவிரல் பள்ளத்தில் விழாமல் வரப்பின் மேலேயே ஏறி உட்காரும். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். 2010-இல் வந்த ஜென் 4-இல் கைப்பிடியின் பின்தகடைக் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தோட்டா நிரப்பும் மேகசினைக் கழற்றும் பொத்தானையும் பக்கம் மாற்றிப் பொருத்தலாம். 2017-இல் வந்த ஜென் 5-இல் அந்த வரப்புகளை எடுத்தே விட்டார்கள். ஸ்லைடை நிறுத்தும் நெம்பு இரண்டு பக்கமும் வந்தது. குழலும் மாறியது. நான் இப்போது வைத்திருப்பது அதுதான்.

நீ பீச்சாங்கை. நியாயமாகப் பார்த்தால் உனக்கும் ஜென் 5-தான் பொருத்தம். ஆனால் நீ இருப்பது கலிஃபோர்னியாவில். அந்த மாநிலம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் கைத்துப்பாக்கியைத்தான் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கலாம். சுடும்போது வெளியே விழும் பித்தளைக் கூட்டில் துப்பாக்கியின் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும் என்று 2013-இல் ஒரு நிபந்தனை அமலுக்கு வந்தது. அதன்பின் பல வருஷம் புதிய பிஸ்டல் மாடல்கள் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. கிளாக்கில் முன்பே ஏறிவிட்ட ஜென் 3 மட்டும் உள்ளே நிற்கிறது. போலீஸ்காரர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களிடமிருந்து கைமாறி வரும் ஜென் 5-க்குக் கொள்ளை விலை சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதே. உன் முதல் கேள்விக்கு உங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ பதில் சொல்லிவிட்டது. ஜென் 3 வாங்கு. அது மட்டமான துப்பாக்கி இல்லை. உன் கை அப்பா கை மாதிரி நீளமானது, வரப்பு உனக்குச் சரியாக விழக்கூடும். மேகசின் பத்துத் தோட்டாவுக்கு மேல் உங்கள் ஊரில் விற்கமாட்டார்கள். ரேஞ்சில் தாளைச் சுடுவதற்குப் பத்து போதும்.

இனி கேலிபர், அதாவது தோட்டாவின் அளவு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது .40. அது பிறந்த கதை தனி. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். தோட்டாவுக்கு வலு போதவில்லை என்று பெரியதைத் தேடினார்கள். முதலில் பத்து எம்எம் எடுத்தார்கள், அது பலருக்கு முரடாக இருந்தது. அதைக் குறுக்கி 1990-இல் .40 வந்தது. நாடு முழுவதும் போலீஸ் அதற்கு மாறியது. பிறகு 9 எம்எம் தோட்டாவே நன்றாகத் தேறிவிட்டது என்று எஃப்பிஐ பழையபடி அதற்குத் திரும்பியது. பின்னாலேயே போலீஸ் இலாகாக்களும் திரும்பின. அவர்கள் கழித்த .40 பிஸ்டல்கள் கடைகளில் மலிவாகக் குவிந்தன. நம் வீட்டுப் புத்தி உனக்குத் தெரியுமே. விலையைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன்.

நான்கு மாதம் சுட்டேன். ஏழு கஜத் தூரத்திலேயே எல்லாக் குண்டும் தாளின் இடது கீழ் மூலைக்குப் போயின. சைட் கோணல் என்று சாதித்தேன். ரேஞ்சில் பயிற்சி தரும் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் மேகசினை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பித் தந்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதற்கு ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் நடுவில் டம்மி தோட்டா வைத்திருந்தார். வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனாலும் பிஸ்டலின் மூக்கு, கோழி இரை கொத்துவது போல, வெடுக்கென்று கீழே குனிந்தது. குனிய வைத்தது என் கைதான். வரப்போகும் உதைக்குப் பயந்து முன்கூட்டியே அமுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணையும் மூடியிருக்கிறேன்.

மெரினாவில் பலூன் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? குழலே கோணல் என்று அப்பா கடைக்காரரிடம் சண்டை போடுவார். அந்தக் கோணல் குழலை வைத்துக்கொண்டும் நீ ஒரு வரிசையைக் காலி பண்ணுவாய். அது காற்றுத் துப்பாக்கி, உதை கிடையாது. அதனால் பயமும் கிடையாது. அன்றைக்கு உன்னிடம் இருந்த அந்தக் கையை உதை கெடுத்துவிடக்கூடாது. கேலிபர் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

.45-ஐ நீ கேட்டது சினிமா பார்த்துத்தான் என்று எனக்குத் தெரியும். ஜான் பிரவுனிங் செய்த தோட்டா, 1911-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த பிஸ்டல், பெருமைதான். அதன் குண்டு 230 கிரெய்ன், ஏறக்குறைய 15 கிராம். சாதாரண 9 எம்எம் குண்டு 115 கிரெய்ன், சரியாகப் பாதி. .45 நிதானமாகத் தள்ளும், .40 சுள்ளென்று மணிக்கட்டில் அடிக்கும், 9 எம்எம் இரண்டையும்விடச் சாது. தாளில் விழும் ஓட்டை .45-இல் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் பெரிது. அந்தச் சொச்சத்துக்காகப் பணத்தை எண்ணிப் பார். நான் வாங்கும் விலையில் 9 எம்எம் ஒன்று 26 சென்ட், .45 ஒன்று 46 சென்ட். மாதம் இரண்டு தடவை, தடவைக்கு 150 என்றால் வருஷத்துக்கு 3,600 தோட்டா. முதலாவதற்கு 936 டாலர், இரண்டாவதற்கு 1,656 டாலர். வித்தியாசம் 720. அதில் இன்னொரு கிளாக்கே வந்துவிடும். உங்கள் ஊரில் போன மாதத்திலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் தனி வரி வேறு.

ஆகவே 9 எம்எம். செம்பு உறை போட்ட சாதாரணத் தோட்டா போதும். அதற்கும் முன்னால், முதல் இரண்டு தடவை ஒரு .22-ஐ வாடகைக்கு எடுத்துச் சுடு. அடுத்த தடவை கிளாக் 17, கிளாக் 19 இரண்டையும் எடு. 19-இன் கைப்பிடி கட்டை. உன் சுண்டுவிரல் அதில் தொங்குகிறதா என்று பார். தனியாகப் போகாதே, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போ. தனியாக வருபவர்களுக்குப் பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் தரமாட்டார்கள். துப்பாக்கியைத் தங்கள் மேலேயே திருப்பிக்கொள்வார்களோ என்ற பயம். உன்னைப் பற்றி அல்ல, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பீச்சாங்கைக்கு மூன்று விஷயம். மேகசின் பொத்தானை இடது ஆள்காட்டி விரலால் அழுத்து. ஸ்லைடு பின்னால் நின்றால் நெம்பைத் தேடாதே, வலது கையால் இழுத்து விட்டுவிடு. கூடுகள் வலப்பக்கம் தெறிக்கும், அதாவது உன் முகத்துக்கு முன்னால். தொப்பியும் கழுத்து மூடிய சட்டையும் போடு. ஒருநாள் பக்கத்து ஆளின் சூடான கூடு என் காலருக்குள் விழுந்தது. நான் ஆடிய ஆட்டம் பரதநாட்டியத்தில் இல்லை. ஆனால் துப்பாக்கி முனையை மட்டும் தாளை விட்டுத் திருப்பவில்லை. நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

காகித வேலை அதிகமில்லை. பாதுகாப்புச் சான்றிதழுக்கு 30 கேள்வி, 23 சரியாகச் சொன்னால் பாஸ். கட்டணம் 25 டாலர். பணம் கட்டியபின் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளை வீணாக்காதே. சுவரிலோ அலமாரியிலோ திருகி முடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிப் பொருத்து. பாப்பா இன்னும் ஒரு வருஷத்தில் நாற்காலி போட்டு ஏறுவாள். சாவி உன்னிடமும் உன் வீட்டுக்காரியிடமும் மட்டும் இருக்கட்டும். அவளிடம் சொல்லாமல் வாங்குகிற எண்ணம் இருந்தால் வாங்கவே வேண்டாம். ரேஞ்சிலிருந்து வந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்கு. வெடிப்பதில் ஈயப் பொடி பறக்கும், அது கையிலும் துணியிலும் ஒட்டும். குழந்தைகளுக்கு அது விஷம்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். பெட்டியைப் பொருத்தி முடித்ததும் ஒரு படம் அனுப்பு. அதைப் பார்த்த பிறகு, முதல் மூன்று மாதத் தோட்டா என் செலவு.

அன்புடன்,
அக்கா