இருவருக்கென ஒரு மாலை

இல்லறத்தில் இணைந்த இருவர், முதற்பிள்ளை பிறந்த நாள் தொட்டு 'அப்பா', 'அம்மா' ஆகிவிடுகின்றனர். பெயர் மாறுவதோடு பேச்சும் மாறிவிடுகின்றது. பள்ளிக் கட்டணம், பால் கணக்கு, மருந்துச் சீட்டு, உறவினர் வீட்டுத் திருமணம் என்பவற்றைத் தாண்டி, இருவருக்கும் இடையே பேசுவதற்கு ஒன்றுமே இல்லாத நாளும் வருகின்றது. பிள்ளைகள் சிறகு முளைத்துப் பறந்த பின்னர்தான் அந்த வெறுமை வெளியே தெரிகின்றது.

எங்கள் இல்லத்தில் இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் கணவர் 22 ஆண்டுகள் குவைத்தில் பணிபுரிந்தவர். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி, ஆண்டுக்கு ஒரு முறை மே மாதத்தில் வருவார். உறவினரைக் காண்பதிலும் வீட்டைப் பழுது பார்ப்பதிலும் அந்த முப்பது நாட்கள் கரைந்துவிடும். பணி ஓய்வு பெற்று அவர் ஊர் திரும்பியபோது, ஒருவரையொருவர் மதிக்கும் இரு விருந்தினரைப் போலவே நாங்கள் வாழத் தொடங்கினோம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சும் இல்லை. எஞ்சிய நாட்களும் இவ்வாறே கழிந்துவிடுமோ என்ற அச்சம் என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் பணிபுரியும் எங்கள் மகள் எங்களைத் தன்னிடம் அழைத்திருந்தாள். ஒரு நாள் இரண்டு நுழைவுச் சீட்டுகளை என் கையில் தந்து, "இன்று மாலை நான் உடன் வரமாட்டேன் அம்மா, நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள்" என்றாள். அவை திவோலி என்னும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கான சீட்டுகள். "ராட்டினம் ஏறும் வயதா நமக்கு?" என்று தயங்கினார் என் கணவர். ஆயினும் மகளின் சொல்லைத் தட்ட மனமின்றி, எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

நகரின் நடுவே, மத்திய இரயில் நிலையத்துக்கு எதிரே அமைந்துள்ளது திவோலி. ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர், மன்னர் எட்டாம் கிறிஸ்தியானிடம் அனுமதி பெற்று, 1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இதைத் திறந்தார். அந்நாளில் அது கோட்டை மதிலுக்கு வெளியே கிடந்த நிலம். பூங்காவின் நடுவே இன்று காணப்படும் ஏரி, பழைய அகழியின் எஞ்சிய பகுதியே. பகைவரைத் தடுக்க வெட்டிய நீரின் கரையில் இன்று தம்பதியர் கைகோத்து நடக்கின்றனர்! சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் தொடக்க ஆண்டிலேயே இங்கு வந்தவர். இதன் சீனப்பாணி அழகு, அவருடைய 'நைட்டிங்கேல்' கதைக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். 1944-இல் நாசி ஆதரவாளர்கள் வெடி வைத்து இதன் பல கட்டடங்களைத் தகர்த்தனர். ஆயினும் சில வாரங்களிலேயே பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கு நுழைவுக் கட்டணம் வேறு, விளையாட்டுகளுக்குரிய கட்டணம் வேறு. எனவே ஒன்றிலும் ஏறாமல், மலர்களைப் பார்த்து நடந்து வருவதற்காகவே வருவோரும் பலர். முழங்கால் வலியுள்ள எனக்கு அதுவே பெரும் ஆறுதலாயிற்று.

முதலில் 1914-இல் கட்டப்பட்ட மரத்தாலான ரோலர் கோஸ்டரின் அருகே நின்றோம். அதன் ஒவ்வொரு வண்டியிலும் பயணிகளோடு பிரேக் பிடிக்கும் பணியாளர் ஒருவரும் அமர்ந்து செல்கின்றார். இறக்கத்தில் வண்டி தானே விரைகின்றது. அதை நிதானப்படுத்தவே மனிதர் வேண்டியிருக்கின்றது. "குடும்பத்தில் அந்த வேலை உன்னுடையது" என்றார் என் கணவர். பல நாட்களுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அடுத்து, 1874-இல் கட்டிய ஊமைக்கூத்து அரங்கம். அதன் திரை துணியன்று. மாபெரும் மயிலின் விரித்த தோகை! தோகை மடங்கி இறங்க, மேடை தோன்றுகின்றது. ஹார்லிகின் என்னும் இளைஞனும் கொலம்பைன் என்னும் நங்கையும் காதலிக்க, பெரியவர் தடுக்க, பியரோ என்னும் வெள்ளை முகக் கோமாளி எல்லாவற்றையும் குழப்புகின்றான். சொல் ஒன்றும் இல்லாததால், டேனிஷ் மொழி அறியாத எங்களுக்கும் யாவும் விளங்கின. இறுதியில் பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ கூவினர். மகள் அதன் பொருளை முன்னரே சொல்லியிருந்தாள்: "ஏதாவது பேசு, பியரோ!" என்பதாம். நான் அதைக் கணவரிடம் தமிழில் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஒன்றும் கூறவில்லை.

பூங்காவின் நூற்றாண்டான 1943-இல் ஜி. என். பிராண்ட் என்னும் தோட்டக் கலைஞர் அமைத்த மலர்த்தோட்டம் ஒன்று உண்டு. கூச்சல் எட்டாத அவ்விடத்தில், மரத்தொட்டிகளில் நீரூற்றுகள் மெல்ல ஒலிக்கின்றன. இருவர் மனம் விட்டுப் பேச அதனினும் நல்ல இடம் அப்பூங்காவில் இல்லை என்பேன். அங்கே ஓர் இருக்கையில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மெல்லிய தூறல் விழத் தொடங்கியது. ஒரே குடையின் கீழ் ஒதுங்கினோம்.

அப்போது அவர் சொன்னார்: "22 வருடமும் மே மாதத்திலேயே வந்து போனேன். உன்னோடு ஒரு மழைக்காலத்தையும் நான் பார்த்ததில்லை. அங்கே மணற்காற்று வீசும்போதெல்லாம், ஊரில் மழை பெய்யுமே, கூரை ஒழுகுமே, தனியாக என்ன செய்கிறாளோ என்று நினைப்பேன். கடிதத்தில் எழுத வராது."

கூரை ஒழுகிய இரவுகளை, பாத்திரங்களை வரிசையாக வைத்து நீர் பிடித்ததை, மகள் அதைக் கண்டு கைகொட்டிச் சிரித்ததை எல்லாம் நான் அன்றுதான் அவரிடம் சொன்னேன். சோறு ஆறிப்போயிற்று; பேச்சு ஆறவில்லை. ஜூன் மாதத்தில் அந்நாட்டில் கதிரவன் மறைய இரவு பத்து மணி ஆகின்றது. அதன் பின்னரே பூங்காவின் வண்ண விளக்குகள் ஏரி நீரில் மலர்கின்றன. அவற்றையும் கண்டே திரும்பினோம்.

அன்பு வாசகர்களே! இதற்காகக் கோபன்ஹேகன் செல்ல வேண்டியதில்லை. எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவிலும் இராட்சத ராட்டினங்களுக்கு அப்பால் ஒரு மரநிழலும் ஓர் இருக்கையும் இருக்கும். பிள்ளைகளோடு பலமுறை சென்ற இடத்துக்கு ஒருமுறை இருவர் மட்டும் செல்லுங்கள். வெயில் தாழ்ந்த பின் நுழையுங்கள். விளக்கு ஏற்றும் வரை இருங்கள். செலுத்திய பணத்துக்கு எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும் என்ற அவசரத்தை வாயிலிலேயே விட்டுவிடுங்கள். இருவருக்கும் இசைந்த ஒன்றில் மட்டும் ஏறுங்கள். வீட்டுக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு பொட்டலச் சோறு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பேச்சு உடனே வராவிட்டால் கவலை வேண்டாம், அருகில் அமர்ந்திருங்கள். பல ஆண்டுகளாக உள்ளே தங்கிய சொல் வெளிவரச் சற்று நேரம் வேண்டும்.